யோசித்துப் பாயும் இன்ஜின்

மூன்று வருடம், நாற்பது வண்டி, ஒரு குறைகூடத் திரும்பி வந்ததில்லை. சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பியிருக்கக் கூடாது.

என் பெயர் நஞ்சப்பன். கோயம்புத்தூரில், சிங்காநல்லூர் குளத்துக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு பட்டறை. பந்தயத்துக்குப் போகும் பெட்ரோல் வண்டிகளை டியூன் செய்வது தொழில். ஊர் மொத்தமும் பேட்டரி வண்டிக்கு மாறிப் பதினைந்து வருடம் ஆகிறது. பெட்ரோல் இப்போது இருமல் மருந்து மாதிரி, சீட்டைக் காட்டினால்தான் கிடைக்கும். ஆனாலும் சத்தம் போடாத வண்டியில் ஏறினால் தூக்கம் வருகிறது என்று சொல்கிற ஆட்கள் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

என் காதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். பின்னணியில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. "மூணாவது சிலிண்டர், எக்ஸாஸ்ட் வால்வு" என்றேன். அவர் தங்கை கல்யாணத்துக்கு அழைக்கத்தான் கூப்பிட்டிருந்தார். ஆனாலும் அந்த வால்வுதான்.

வயது அறுபத்தொன்பது. இந்த வயதில் எல்லோருக்கும் வேகம் குறையுமாம். எனக்கு அறுபத்தாறுக்கு மேல்தான் கூட ஆரம்பித்தது. நான் டியூன் செய்த வண்டியில் உட்கார்ந்து மிதித்தால், மிதிப்பதற்கும் பாய்வதற்கும் நடுவே ஒரு கொசு நுழைய இடம் இருக்காது. என் மனைவி நாகரத்தினத்துக்கு மட்டும் இதில் நம்பிக்கை இல்லை. "வண்டியில பறக்கறீங்க சரி, ரெண்டு வாரமா ஒத்தச் செருப்போட வூட்டுக்கு வர்றீங்களே, அது எப்படீங்க?" என்பாள். சிங்காநல்லூர் நாய்களைப் பற்றி அவளுக்குத் தெரியாது. செருப்பு திருடுவதில் அவை அவ்வளவு கெட்டி. காலில் போட்டிருக்கும்போதே கழற்றிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது.

பட்டறையில் இரண்டு வழக்கம் உண்டு. இரண்டும் நான் வைத்தவை.

ஒன்று, டியூன் செய்த வண்டியை முதல் ஐநூறு கிலோமீட்டர் நானேதான் ஓட்டிப் பழக்குவேன். அதன் பிறகு, வண்டி கற்றுக்கொண்டதை ஒரு நம்பர் போட்டுப் பூட்டித்தான் சொந்தக்காரரிடம் கொடுப்போம். கண்டவர்கள் காலைப் பார்த்து வண்டி கெட்டுப்போகக் கூடாது.

இரண்டு, பட்டறையில் வண்டியைத் தொடுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பித்தளை வளையம் இருக்கும், சாவி கோர்க்க. வண்டியில் குறை வந்து, அது யாரால் என்று தெரிந்தால், அவர் தன் வளையத்தை எல்லோர் முன்னாலும் ஆயில் டிரம்முக்கு மேலே இருக்கும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். அதன் பிறகு அவர் எங்கள் வண்டியைத் தொடக் கூடாது. அந்த ஆணியில் பத்தொன்பது வருடமாக ஒரே ஒரு வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறுக்குட்டியுடையது. என்னிடம் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். டைமிங் பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டான். பந்தயம் தொடங்குகிற கோட்டிலேயே எட்டு வால்வும் வளைந்து வண்டி நின்றது. அவனை நாற்பது பேர் நடுவே நிறுத்தி அந்த ஆணியைக் காட்டினேன்.

இப்போது தேன்மொழி வந்த கதைக்கு வருகிறேன்.

தேன்மொழி பல் டாக்டர். பாளையங்கோட்டைக்காரர், கோயம்புத்தூருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சிவப்பு நிறத்தில் சின்ன வண்டி. நாங்கள் டியூன் செய்த நாற்பத்தோராவது வண்டி அது. கொடுத்து ஒரு வாரத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பி வந்து நின்றார்.

"அண்ணாச்சி, வண்டி யோசிக்குது" என்றார்.

"வண்டி யோசிக்காதுங்க அம்மணி. ஓட்டறவங்கதான் யோசிப்பாங்க."

"நான் எங்க யோசிக்கேன்? அமுக்குதேன். கண்ணு மூடித் தொறக்குத நேரம் பேசாம இருக்குது. பொறவு கழுத்து ஒடியுத மாதிரி பாயுது. நேர் ரோட்டுல சரி. கருமலையில வளைவுக்கு நடுவுல பாய்ஞ்சா நான் எங்க போவேன்?"

"கீழ போவீங்க" என்றாள் மேரி, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல்.

மேரி எங்கள் பட்டறையின் மின்னணு வேலைக்கெல்லாம் பொறுப்பு. ஐம்பது வயது. இருபது வருடமாக என்னுடன் இருக்கிறாள், அதில் ஒருநாள்கூட நான் சொன்னதற்குச் சிரித்ததில்லை.

கருமலைப் பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். வெளிப்பக்கம் சுவர் கிடையாது. மலையேற்றப் பந்தயம் அடுத்த ஞாயிறு கழித்து ஞாயிறு. இடையில் பன்னிரண்டு நாள்.

ஸ்கேனரைப் பொருத்தினோம். கேட்ட நேரத்துக்கு, கேட்ட இடத்துக்கு கேம் ஷாஃப்ட் வந்து சேரவில்லை என்று காட்டியது.

"அப்படின்னா?" என்று கேட்டார் தேன்மொழி.

"உங்க தொழில்லயே சொல்றனுங்க. இன்ஜினுக்கு ரெண்டு வாய். ஒண்ணு காத்தை உள்ள இழுக்கும், ஒண்ணு பொகையத் துப்பும். அதுதான் வால்வு. எப்பத் தொறக்கணும், எப்ப மூடணும்னு சொல்றது கேம் ஷாஃப்ட். நடக்கறப்ப ஒரு மூச்சு விடறோம், ஓடறப்ப வேற மூச்சு விடறோமில்லீங்க? அது மாதிரி வேகத்துக்குத் தக்கன அந்தத் தண்டைக் கொஞ்சம் முன்ன பின்ன திருப்பிக் குடுக்கணும்."

"யாரு திருப்புவா?"

"ஆயில். அங்கதான் வில்லங்கம். ஆயிலுக்கு அவசரம்னா என்னன்னே தெரியாது. நீங்க மிதிச்சதுக்கு அப்புறம் அது கெளம்பி, சந்து பொந்தெல்லாம் நுழைஞ்சு வந்து திருப்பறதுக்குள்ள கால் நொடி போயிரும். பந்தயத்துல கால் நொடிங்கறது ஒரு சென்மம்."

"அதுக்குத்தான் நாங்க வண்டியில வெக்கற கம்ப்யூட்டர் பெட்டி" என்றாள் மேரி. "மிதிக்கறதுக்கு முன்னாடி தொடை லேசா தூக்கும். உங்களுக்கே தெரியாது, சீட்டுக்குள்ள வெச்ச சென்சாருக்குத் தெரியும். தொடை தூக்குனதுல இருந்து கால் மிதிக்கற வரைக்கும் எவ்ளோ நேரம்னு பெட்டி கத்துக்கும். அந்தக் கணக்குல ஆயிலை முன்னாடியே கெளப்பி விடும். காலும் கேமும் ஒண்ணா வந்து சேரணும். கேம் முந்தி வந்தா இன்ஜின் இருமும், பிந்தி வந்தா யோசிக்கும்."

"இது பிந்தி வருது" என்றார் தேன்மொழி.

நான் சாவியை வாங்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி போனது. திரும்பி வந்து சாவியைக் கொடுத்தேன். "ஒண்ணும் இல்லீங்களே."

அவர் ஒரு வட்டம் போனார். வாசலில் நின்ற என் காதுக்கே கேட்டது. மிதி, ஒரு வெறுமை, அப்புறம் உறுமல்.

அன்று தொடங்கிய வேட்டை ஒரு வாரம் நடந்தது. முதலில் ஆயிலை மாற்றினோம். பிறகு ஆயிலைத் திறந்து மூடும் சொலினாய்டைக் கழற்றி, அதன் குட்டிச் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தலைவாழை இலை மாதிரி சுத்தமாக இருந்தது. மேல்மூடியைத் திறந்து டைமிங் செயினைப் பார்த்தோம், புள்ளிக்குப் புள்ளி சரியாக நின்றது. செயின் நீண்டிருக்கிறதா என்று நான் விரலால் தட்டிச் சோதித்தேன். கருவியில் பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தெரியும், என் விரலுக்கு அதற்கும் கீழே தெரியும். கேமைத் திருப்பும் சக்கரத்தையே வேறு இன்ஜினிலிருந்து கழற்றி மாட்டினோம். ஒவ்வொரு தடவையும் நான் ஓட்டினால் பறந்தது, தேன்மொழி ஓட்டினால் யோசித்தது.

ஆறாவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது. உங்க காலுதான் இன்னும் பழகல."

தேன்மொழி கோபப்படவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு நோயாளியைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். "பன்னெண்டு வருசமா பந்தயம் ஓட்டுதேன் அண்ணாச்சி. இதுவரைக்கும் எந்த வண்டியும் என்னைய காத்துக் கெடக்க வச்சதில்ல."

"நாப்பது வண்டி குடுத்திருக்கறனுங்க. ஒருத்தர் திரும்பி வந்ததில்ல. குறை என் பேர்லன்னு நீங்க காட்டிட்டா" என்று சொல்லி, இடுப்பிலிருந்த என் வளையத்தைத் தூக்கிக் காட்டினேன், "இத அந்த ஆணியில நானே மாட்டறேன்."

மேரி முதல் தடவையாகக் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினாள்.

"வேண்டாம் மாஸ்டர்" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

சும்மா என்ற வார்த்தையை மேரி அதற்கு முன் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மேரி ஒரு காரியம் செய்தாள். அந்த வண்டியை வேறு ஆட்களிடம் கொடுத்து ஓட்டச் சொன்னாள். எதிர் டீக்கடை பழனியாண்டி ஓட்டினார், வண்டி யோசித்தது. லேத்துக்காரர் ஓட்டினார், யோசித்தது. மேரியே ஓட்டினாள், அவளுக்கும் யோசித்தது. நான் ஓட்டினேன், பறந்தது.

"அப்ப நான் ஒருத்தன்தான் இந்த ஊர்ல ஒழுங்கா ஓட்டறேன்" என்றேன். நான் அதை நிஜமாகவே சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மேரி எங்கள் இரண்டு பேரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். திரையில் ஒரு படம் வந்தது. கீழே இடதுபக்கத்தில் தொடங்கி, படிப்படியாக வலதுபக்கம் மேலே ஏறியது. நாற்பத்தொரு படி.

"நல்லா ஏறுதே" என்றேன். "என்ன இது, நம்ம பேரா?"

"ஒவ்வொரு படியும் ஒரு வண்டி. தொடை தூக்குனதுக்கும் கால் மிதிச்சதுக்கும் நடுவுல இருக்கற நேரம், நொடிக் கணக்குல. மொத வண்டியிலயே பாயிண்ட் மூணு அஞ்சு. எல்லாருக்கும் பாயிண்ட் ரெண்டுதான் இருக்கும். இந்தக் கடைசி வண்டியில பாயிண்ட் ஆறு ஒண்ணு."

"யாரோட காலு?"

மேரி தரையைப் பார்த்தாள். தேன்மொழியும் தரையைப் பார்த்தார். ஒரு ஆளின் காலைப் பற்றிப் பேசும்போது அந்தக் காலைப் பார்க்காமல் இருப்பது சிரமம்தான். இரண்டு பேரும் என் காலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. இந்தத் தடவை பட்டறைக்குள் நாய் எதுவும் வந்திருக்கவில்லை.

காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு கேட்டேன். "எனக்கு மட்டும் வண்டி பறக்குதே, அது எப்படி?"

"பறக்கல மாஸ்டர். காத்திருக்குது. உங்க கால் வந்து சேர்ற வரைக்கும் ஆயிலைப் புடிச்சு வெச்சிருந்து, சரியா நீங்க மிதிக்கறப்ப விடுது. அதான் உங்களுக்கு எல்லாம் ஒண்ணா நடக்கற மாதிரி இருக்குது. இவங்க பாயிண்ட் ரெண்டுல மிதிச்சிர்றாங்க. வண்டி அதை நம்பறதில்ல. பாயிண்ட் ஆறு வரைக்கும் உங்களுக்காகக் காத்திருக்குது. நாமதான் பூட்டிக் குடுக்கறோமே, வேற காலை அது எப்படிக் கத்துக்கும்?"

மூன்று வருடமாக எனக்கு வயது குறைந்துகொண்டே வந்த மர்மம் அப்படித்தான் துலங்கியது. நாற்பத்தொரு இன்ஜின்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றிருக்கின்றன.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று மேரியைக் கேட்டேன்.

"இன்னைக்குத்தான்" என்றாள். பிறகு, "இல்ல. பொய் சொல்ல வேண்டாம். ஒரு வருசமாத் தெரியும். நல்லாத்தானே போயிட்டிருக்குது, எதுக்கு மாஸ்டரை நோகடிக்கணும்னு விட்டுட்டேன்."

"நான் பல்லு புடுங்கதுக்கு முன்னால சொல்லிட்டுத்தான் புடுங்குவேன்" என்றார் தேன்மொழி மெதுவாக. "சொல்லாம புடுங்கினா வலி கம்மின்னு சில டாக்டர்மார் நெனைக்காவ. புடுங்குதவங்களுக்குத்தான் வலி கம்மி. அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். பிரேக்குக்கும் இந்தப் பெட்டி உண்டா?"

"கெடையாதுங்க."

"அதை மிதிக்கதும் இதே காலுதானே?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாகரத்தினத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து மருதமலைக்கு ஓட்டிப்போகிறவன் நான். ஆக்ஸிலேட்டர் எனக்காகக் காத்திருந்தது. முன்னால் போகிற லாரியும், சாலையைக் கடக்கிற பிள்ளையும் காத்திருப்பார்கள் என்று எந்தப் பெட்டியும் சொல்லவில்லை. அதற்குமுன் வந்த மூன்று வருட வெள்ளிக்கிழமைகளை மனதில் எண்ணிப் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

"சரி, இவங்க வண்டியத் தொறந்து விட்டுரு மேரி. இவங்க காலையே கத்துக்கட்டும்" என்றேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. "அப்ப மத்த நாப்பது வண்டி? அதுவும் யோசிச்சிருக்குமே. ஒருத்தரும் ஏன் திரும்பி வரல?"

மேரி மறுபடியும் தரையைப் பார்த்தாள். "பொள்ளாச்சி ரோட்டுல போய்க் கேளுங்க" என்றாள்.

பொள்ளாச்சி ரோட்டில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பட்டறைதான். பத்தொன்பது வருடமாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். இந்தத் தடவை பஸ்ஸில் போனேன். இரண்டு செருப்பையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

ஆறுக்குட்டி ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். என் காலைப் பார்த்ததுமே வெளியே வந்தான். ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது, முன்பக்கம் முடி இல்லை. பழைய துணியில் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வாங்க மாஸ்டர். உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"நாப்பது வண்டியும் இங்கதான் வந்துதா?"

"வந்துதுங்க. மொத வண்டிக்காரர் வந்து, மாஸ்டர் குடுத்தது யோசிக்குது, அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நீ பாருன்னார். பாத்தேன். தொறந்து விட்டேன். அப்புறம் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வந்தாங்க. உங்ககிட்ட வண்டி எடுத்தா நேரா இங்க வந்துட்டுப் போறதுன்னு ஒரு பழக்கமாயிருச்சு."

"பூட்டுன நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம பட்டறையோட மொத பந்தய வண்டியில, கதவுல எழுதியிருந்த நம்பர்தானுங்க. இருபத்தேழு. நீங்க வேற எதை வெப்பீங்க?"

இந்தப் பதிலுக்கு என்னிடம் கதை எதுவும் இல்லை. அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஊரே தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. நீயாச்சும் ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாம்னு நாலு தடவ உங்க வாசல் வரைக்கும் வந்தனுங்க." துணியை மடித்து வைத்தான். "உள்ள நாலு பேரு நின்னாங்க. என்ற தப்பை நாப்பது பேரு முன்னால சொன்னீங்களே, அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. வேற யாருக்குத் தெரியும்? திரும்பிப் போயிட்டேன்."

டீ வந்தது. குடித்தோம். சர்க்கரை போடாத டீ. எனக்குச் சர்க்கரை நோய் வந்தது அவன் போன பிறகு. அதையும் எப்படியோ தெரிந்து வைத்திருந்தான்.

அடுத்த நாள் சர்க்கரை டாக்டரிடம் போனேன். அவர் இரண்டு கிளை வைத்த ஒரு இரும்பு முள்ளைத் தட்டி என் கால் பெருவிரலில் வைத்தார். "அதிர்வு தெரியுதுங்களா?" என்றார். "எந்த அதிர்வு?" என்றேன். அதே முள்ளைக் கை விரலில் வைத்தார், தேனீ மாதிரி இரைந்தது. நாற்பத்தொரு வண்டிகள் மூன்று வருடமாகச் சொன்னதை அவர் இரண்டு நிமிடத்தில் சொன்னார். சர்க்கரையால் கால் நரம்பு மெத்தனமாகிவிட்டதாம். செருப்பு கழன்றால் தெரிகிறதா என்று கேட்டார். நாய்களைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டேன். வண்டி வாங்கியவர்களில் எட்டிய வரைக்கும் சொல்லியனுப்பினேன், முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். எல்லோரும் என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறுக்குட்டியையும் வரச் சொல்லியிருந்தேன், அவன் கேட்டுக்கு வெளியே ஒரு அடி தள்ளி நின்றான்.

"நாப்பத்தொரு வண்டியில குறை" என்றேன். "குறை என்ற கால். உங்க எல்லாருக்கும் என்னைவிட முன்னாடியே தெரியும். தெரியாத மாதிரி நடிச்சீங்க பாருங்க, அதுல ஒருத்தரும் சோடையில்ல."

சிலர் சிரித்தார்கள். டீக்கடை பழனியாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எதற்கெடுத்தாலும் அழுகிறவர்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஆணியிலிருந்து ஆறுக்குட்டியின் வளையத்தை எடுத்தேன். பத்தொன்பது வருட ஆயில் ஆவியில் கன்னங்கரேலென்று இருந்தது. அந்த இடத்தில் என்னுடையதை மாட்டினேன். அவனுடைய வளையத்தை வேட்டியில் தேய்த்துக்கொண்டே கேட்டுக்குப் போனேன். வேட்டி பாழாயிற்று, வளையம் அப்படியே கறுப்பாக இருந்தது. நீட்டினேன்.

"நான் தனியாப் பட்டறை வெச்சிருக்கறனுங்க மாஸ்டர்" என்றான்.

"தெரியும். வாரத்துல ரெண்டு நாள் வா. பழக்கி ஓட்டறதுக்கு மட்டும்."

வாங்கிக்கொண்டான். தன் பட்டறைச் சாவியை அதில் கோர்த்தான்.

மறுநாள் கருமலையில் தேன்மொழி இரண்டாவதாக வந்தார். பதினெட்டு வளைவிலும் வண்டி ஒருமுறைகூட யோசிக்கவில்லை. முதலாவதாக வந்தவர் எங்களுடைய ஏழாவது வண்டிக்காரர். பரிசு வாங்கிக்கொண்டு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எந்தக் காலைத் தொட்டார் என்று நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே கதையை முடித்திருக்கலாம். ஆனால் நாற்பத்திரண்டாவது வண்டி ஒன்று வந்தது.

அதை ஆறுக்குட்டி பழக்கினான். ஐநூறு கிலோமீட்டரும் அவன்தான் ஓட்டினான். நான் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால் மேரி கணக்கைப் பார்த்தாள். பாயிண்ட் ஐந்து ஒன்பது.

"உங்களுக்கும் சர்க்கரை இருக்குதா?" என்று ஆறுக்குட்டியைக் கேட்டாள். இல்லை என்றான். அவனுடைய சொந்த வண்டியில் உட்கார வைத்துப் பார்த்தோம், பாயிண்ட் இரண்டு. மறுபடியும் நாற்பத்திரண்டை எடுத்துக்கொண்டு நானும் அவனும் குளத்தைச் சுற்றினோம். பாயிண்ட் ஆறு. சொலினாய்டைக் கழற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மேரி இன்னொரு கோட்டைத் திரையில் கொண்டுவந்தாள். பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பதற்காகப் பக்கத்து சீட்டிலும் ஒரு சென்சார் உண்டு. அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்ததே இல்லை.

"மாஸ்டர், இந்த சீட்டுல உக்காந்து நீங்க எதை மிதிச்சீங்க?"

"ஒண்ணையும் மிதிக்கல. அங்க என்ன இருக்குது, வெறும் ரப்பர் மேட்டு."

"ஒவ்வொரு தடவையும் மிதிச்சிருக்கீங்க. பாருங்க. உங்க தொடையும் அவர் தொடையும் ஒரே நேரத்துல தூக்குது. பாயிண்ட் ஆறுல நீங்க மேட்டை மிதிக்கறீங்க. அதுக்கு அப்புறம்தான் அவர் பெடலை மிதிக்கறார்."

எல்லோரும் ஆறுக்குட்டியைப் பார்த்தோம். அவன் வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"எனக்கே தெரியாதுங்க" என்றான். பிறகு, "நீங்க மிதிக்கறதுக்கு முன்னால நான் எப்படீங்க மிதிக்கறது?"

அதோடு என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆறுக்குட்டி முதலிலிருந்து தனியாக ஐநூறு கிலோமீட்டர் ஓட்டினான், கணக்கு பாயிண்ட் இரண்டுக்கு வந்தது. இப்போது எனக்கு வேலை கேட்டுக்குப் பக்கத்தில், நாற்காலியில். வண்டி குளத்தைச் சுற்றி வரும்போது காதால் கேட்டு, எந்த வால்வு என்ன சொல்கிறது என்று சொல்வேன். காதுக்கு நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மருதமலைக்கு நாகரத்தினமும் நானும் பஸ்ஸில் போகிறோம். ஜன்னல் ஓரம் அவளுக்கு.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மேரிக்கு இன்னும் சரியாகவில்லை. ஆறுக்குட்டி பழக்கிய எல்லா வண்டியிலும், கேட்டைத் தாண்டுகிற அந்த ஒரு இடத்தில் மட்டும் அரை நொடி தாமதம் பதிவாகிறதாம். நான் அங்கே உட்கார்ந்து, போகலாம் என்று கையைத் தூக்கும்வரை அவன் மிதிப்பதில்லை. பெட்டி இடத்தையும் குறித்துவைக்குமாம், அதனால் அதையும் அப்படியே கற்றுக்கொண்டுவிட்டது. வண்டி வாங்கிப்போகிறவர்கள் எங்கள் கேட்டருகே வந்தால் இன்ஜின் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. இதுவரை யாரும் அதைக் குறை என்று சொல்லி வந்ததில்லை, ஆணியிலும் புதிதாக ஒன்றும் மாட்டவில்லை.